சந்தனக்கொல்லி வழியே போன கோடு

11 ஜூன் 2015, வியாழன்

இன்றும் ஆபீசுக்கு யாரும் வரவில்லை. கொர்னேலியஸ் சார் பேப்பரை இரண்டு தடவை படித்தார். "நெலம் வாங்கறவன் இருந்தாத்தானம்மா அளக்கறதுக்கு ஆள் தேடுவான்" என்று சொல்லிவிட்டு மத்தியானமே கிளம்பிப் போய்விட்டார். முப்பது வருடமாகக் கூடலூரில் சர்வேயர். அவர் அளந்து வருவதைக் கம்ப்யூட்டரில் வரைபடமாக்குவது என் வேலை. பதினொரு வருடத்தில் இவ்வளவு சும்மா உட்கார்ந்ததில்லை. பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்தபின் சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் விற்கப் பார்க்கிறார்கள், வாங்கத்தான் ஆளில்லை.

என் வீட்டுக்காரர் ஜீப்பில் ஏற்றிப்போன இலை மூட்டையில் பாதியை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார். ஃபேக்டரியில் இனி வாரத்துக்கு மூன்று நாள்தான் இலை எடுப்பார்களாம். வாடிய இலையை ஓடைப் பக்கம் கொட்டினார். சாக்கை நான் உதறி மடித்தேன்.

14 ஜூன், ஞாயிறு

வர்ஷா மைசூரிலிருந்து போன் பண்ணினாள். நர்சிங் கடைசி வருடம். இந்த மாதமும் வர முடியாதாம். "பஸ்ஸுலயே ஒரு நாள் போயிருதும்மா. லேட்டானா காட்டு கேட்டை வேற மூடிருவாங்க."

என்னுடைய கிறுக்கு ஒன்றை இங்கேயாவது எழுதி வைக்கலாம். நாலு வருடமாக ஆபீஸ் கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டுகிறேன். சிமுலேட்டர் என்பார்கள். நிஜமான பாதைகளை அளவு பிசகாமல் செய்து வைத்திருக்கிறார்கள், நாம் டிரைவர். நாற்பத்திரண்டு வயதுப் பொம்பளை இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். சாருக்கும் இவருக்கும் மட்டும் தெரியும்.

அந்த சிமுலேட்டர்காரர்களின் இணையக் குழுவில் வருடத்துக்கு ஒருமுறை புதுப் பாதைக்கு யோசனை கேட்பார்கள். ஓட்டெடுப்பில் ஜெயித்ததை எல்லோரும் சேர்ந்து கட்டுவார்கள். கம்ப்யூட்டருக்குள்தான். இந்த வருடத் தலைப்பு, எல்லை தாண்டும் அதிவேக ரயில்.

மைசூர் – கூடலூர் – நிலம்பூர் – கோழிக்கோடு. கூட்டிப் பார்த்தேன். மைசூரிலிருந்து இங்கே இருபத்தாறு நிமிடம். வர்ஷா காலையில் டிபன் சாப்பிட வந்துவிட்டு காலேஜுக்குப் போய்விடலாம்.

23 ஜூன், செவ்வாய்

ஒன்பது நாள் வேலை. இப்படி ஒரு வேலை செய்து எவ்வளவு காலம் ஆயிற்று!

மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் ஓட வேண்டுமானால் ரயில் நினைத்த இடத்தில் திரும்ப முடியாது. வளைவின் ஆரம் ஐந்தரை கிலோமீட்டராவது வேண்டும். கோட்டை எங்கே அழுத்தினாலும் அது எங்கேயோ போய்ப் பிதுங்குகிறது. பந்திப்பூர், முதுமலைக் காடு முழுக்கச் சுரங்கத்தில் இறக்கிவிட்டேன். யானைக்கு இடைஞ்சல் வேண்டாம். நாடுகாணியிலிருந்து நிலம்பூருக்கு இறங்க இன்னொரு சுரங்கம், முப்பத்தோரு கிலோமீட்டர். இரண்டுக்கும் நடுவே நம் பக்கம் கொஞ்ச தூரம் மட்டும் வெளிச்சத்தில் வரும். சந்தனக்கொல்லிச் சரிவில் வளைவு அவ்வளவு அழகாக உட்கார்ந்தது, சாட்டிலைட் படத்தில் அங்கே ஒரே பச்சை. இன்று குழுவில் போட்டுவிட்டேன்.

குழுவை நடத்துபவர் போலந்துக்காரர், ரிட்டயர்டு சிக்னல்மேன். எல்லை என்றால் நாட்டெல்லை, மாநில எல்லை செல்லாது என்று எழுதினார். விடுவேனா? மூன்று மாநிலம், மூன்று பாஷை, மூன்று செக்போஸ்ட், ஒவ்வொன்றிலும் எங்கள் ஜீப்பை நிறுத்தி மூட்டையைப் பிரித்துப் பார்க்கிறார்கள், இது எல்லை இல்லையென்றால் எது எல்லை என்று கேட்டேன். ஒரு மணி நேரம் கழித்து "ஒப்புக்கொள்கிறேன்" என்று பதில் வந்தது.

3 ஜூலை, வெள்ளி

நூற்றுப்பன்னிரண்டு ஓட்டு! இரண்டாம் இடத்தில் இருக்கிறேன். யானைகளுக்காகக் காட்டுக்கு அடியில் போனதை எல்லோரும் பாராட்டியிருக்கிறார்கள். ஜப்பானில் ஒருவர், இவ்வளவு சுத்தமான வரைபடத்தை இதுவரை யாரும் போட்டதில்லை என்று எழுதினார்.

வீட்டில் போனில் இவருக்குக் காட்டினேன். ரொம்ப நேரம் விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தார். "இத்தனையும் நீயா போட்ட? எனக்கும் ஒண்ணு அனுப்பி உடு" என்றார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் இந்த மனிதர் என்னை அப்படிப் பார்த்தது இல்லை.

9 ஜூலை, வியாழன்

மழை. ஃபேக்டரி இல்லை. கரண்டும் இல்லை.

20 ஜூலை, திங்கள்

காலை ஜீப்பில் பின்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள், கூடலூருக்கு ரயில் வருதாம் என்று. எனக்குச் சிரிப்பு வந்தது. எத்தனை தேர்தலாகக் கேட்கிறோம்!

"இந்தத் தடவ நெசமாங்க. அளந்து பிளானே போட்டாச்சு. புல்லட் ரயிலு."

புல்லட் ரயில் என்று சொன்னபோது இவர் கியரைத் தவறாகப் போட்டார்.

24 ஜூலை, வெள்ளி

எழுதிவிட்டால் மனசு அடங்குமா?

ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கண்ணாடியில் ஒட்டியிருந்தது என் வரைபடம். என் கோடு, என் வளைவு. எத்தனையோ போன்களுக்குப் போய்வந்து மங்கலாகி, மேலே யாரோ சிவப்பில் "மத்திய அரசின் அதிவேக ரயில் திட்டம்" என்று எழுதியிருந்தார்கள். வலது கீழ்மூலையில் பெட்டி. கொர்னேலியஸ், உரிமம் பெற்ற நில அளவையர், லைசென்ஸ் நம்பர் எல்லாம் தெளிவாக. ஆபீஸில் புதுப் படம் திறந்தாலே அந்தப் பெட்டி தானாக வந்து உட்காரும். எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. பதினொரு வருடமாக அந்தப் பெட்டியோடேதான் எல்லாம் வரைந்திருக்கிறேன்.

கடைக்காரப் பையன், "அக்கா, நாப்பது காப்பி போயிருச்சு" என்றான்.

இவரிடம் கேட்டேன். முதலில் வண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "விவசாயிங்க குரூப்புல போட்டேன் கனகு. எம்பொண்டாட்டி போட்டதுன்னு எழுதித்தான் போட்டேன். பெருமைக்கு. அவனுக அந்த எழுத்த உட்டுட்டு படத்த மட்டும் அனுப்பிருக்கானுக."

திட்டத் தொடங்கினேன், திட்ட முடியவில்லை. பெருமைக்கு என்கிறார், நான் என்ன செய்ய?

27 ஜூலை, திங்கள்

சாரிடம் சொன்னேன். பெட்டியைப் பற்றியும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "முப்பது வருஷத்துல என் பேர்ல ஒரு அடி தப்பா போனதில்லம்மா" என்றார். குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் தேவலாம்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் மோசமானதைச் சொன்னார். கேரளாவில் மஞ்சேரிப் பக்கமிருந்து ஒரு தரகர் வந்து சந்தனக்கொல்லியில் நிலம் பேசுகிறாராம். கோடு போகிற நிலமாகப் பார்த்து. சர்க்கார் எடுத்தால் ஒன்றும் கிடைக்காது, அதற்குள் எனக்குக் கொடுத்துவிடு என்கிறாராம். அங்கே தேயிலையும் மிளகும் வைத்திருந்த பிலோமி பத்திரமே பண்ணிக் கொடுத்துவிட்டாள். இன்னொரு தோட்டக்காரர் பழனியாண்டி அட்வான்ஸ் வாங்கிவிட்டார்.

ஒரே பச்சை என்று எழுதினேனே. பழனியாண்டி அண்ணன் வீட்டில் எத்தனை தடவை டீ குடித்திருக்கிறேன்! மேலேயிருந்து பார்த்தபோது அவர் வீட்டுத் தகரம் என் கண்ணில் படவில்லை. யானை பட்டது.

29 ஜூலை, புதன்

சந்தனக்கொல்லிக்கு நடந்தே போனேன். மழைக்கு அட்டை இரண்டு காலிலும்.

பழனியாண்டி அண்ணன் சிலோனிலிருந்து பதினைந்து வயதில் வந்தவர். நாற்பது வருடம் எஸ்டேட்டில் உழைத்து இந்த ஒன்றரை ஏக்கரை வாங்கினார். செடி ஒவ்வொன்றும் அவரும் மனைவி சுப்பம்மாக்காவும் நட்டது. நான் போனபோது இலை பறிக்காமல் வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார். அதுவே என்னவோ போல இருந்தது.

அந்தப் படம் நான் வரைந்தது, அது விளையாட்டு, ரயில் வரவே வராது என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். சிரித்தார்.

"தங்கச்சி, ஒங்கள சொல்லச் சொல்லியிருப்பாங்க. சனம் கலாட்டா பண்ணாம இருக்கணுமில்ல. வெளங்குது."

"இல்லண்ணே, சத்தியமா நான்தான்."

"அப்ப சிலோன்ல, கண்டி கச்சேரி ஆபீசுலயும் இப்புடித்தான் சொன்னாங்க. ஒண்ணும் ஆவாது, பேரு மட்டும் எழுதிக்கிறோம்னு. பொறகு ஒரு காயிதம். ரயிலேத்தி, கப்பலேத்தி வுட்டாங்க. ரெண்டாவது வாட்டி நானு காயிதம் வர்ற வரைக்கும் ஒக்காந்திருக்க மாட்டேன்."

சுப்பம்மாக்கா மட்டும் செடிகளுக்கு நடுவே குனிந்து பறித்துக்கொண்டிருந்தார். நாளைக்கு ஃபேக்டரி இலை எடுக்கிற நாள். கைநாட்டுக்குக் கூப்பிட்டதற்கு வரமாட்டேன் என்றுவிட்டாராம். கையெழுத்து அண்ணன் மட்டும் போட்டிருக்கிறார்.

30 ஜூலை, வியாழன்

வெள்ளைத்தாளில் பெரிதாக எழுதி, இலை வாங்கும் ஷெட்டிலும் ஆறுக்குட்டி அண்ணன் டீக்கடையிலும் ஒட்டினேன். "இந்த ரயில் பாதை கம்ப்யூட்டர் விளையாட்டுக்காக நான் வரைந்தது. அரசுத் திட்டம் அல்ல. கொர்னேலியஸ் சாருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தவறு என்னுடையது. கனகமணி, க/பெ தங்கவேலு."

பயந்தவர்களைப் பற்றித்தான் நான் நினைத்துக்கொண்டு போனேன். ஆசைப்பட்டவர்களும் உண்டு என்பது அங்கே போய்த்தான் தெரிந்தது. கூடலூர் ஸ்டேஷன் என்று நான் ஒரு சின்னக் கட்டம் போட்டிருந்தேன், அது ஆறுக்குட்டி அண்ணன் கடைக்கு எதிரே வருகிறது. மனிதர் ரயில் ஜனங்கள் உட்கார என்று பின்பக்கம் புதுச் சாய்ப்பே இறக்கிவிட்டார்.

தாளைப் படித்தார். "வெளையாட்டா?" என்றார். அவ்வளவுதான். டீ கேட்டேன். கொடுக்கவில்லை.

1 ஆகஸ்ட், சனி

பழனியாண்டி அண்ணனை ஜீப்பில் ஏற்றி ஆபீசுக்குக் கூட்டி வந்தோம். வர மாட்டேன் என்றவரைச் சுப்பம்மாக்காதான் விரட்டி அனுப்பினார். சாரும் இருந்தார். என் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

முதலில் சிமுலேட்டரைக் காட்டினேன், ஏதோ ஒரு வெளிநாட்டு ரயில். நானே ஓட்டினேன். விசில் அடித்தேன். கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். அப்புறம் வரைபடத்தைத் திறந்தேன். "இதோ உங்க தோட்டம். இது உங்க வீடு. இது என் கோடு." கோட்டைப் பிடித்து மவுஸால் வடக்கே இழுத்தேன். அவர் தோட்டத்தை விட்டு விலகியது. தெற்கே இழுத்தேன். மறுபடி ஏறியது. டிலீட் அழுத்தினேன். கோடே இல்லை, தோட்டம் மட்டும் இருந்தது.

திரைக்குக் குனிந்து, கோடு இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"இம்புட்டு லேசா?" என்றார்.

"எங்கப்பாவுக்கும் எவனோ ஒருத்தன் கோடு போட்டான். யாருன்னு தெரியாது. நாங்க கேக்கவும் இல்ல. கேட்டிருந்தா இந்தமாரி கோட்ட அளிச்சிருப்பானோ என்னமோ" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க கோடு போடையில எங்கள நெனச்சீங்களா தங்கச்சி?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

இல்லண்ணே என்றேன். நெனைக்கல. நெனச்சிருந்தா அந்தப் பக்கம் கோடே போயிருக்காது. ஒரு அடி கூடப் போயிருக்காது.

6 ஆகஸ்ட், வியாழன்

தரகரைப் பார்க்கச் சாரே வந்தார். சண்டை வரும் என்று இவர் இரண்டு பேரைக் கூட்டி வந்திருந்தார். சண்டையே இல்லை. விளையாட்டுப் படம் என்று சார் எடுத்துச் சொன்னபோது தரகரின் முகம் செத்துப்போனது. சர்க்கார் எடுக்கும்போது நல்ல தொகைக்குக் கொடுக்கலாம் என்று அவரும் நம்பித்தான் இறங்கியிருக்கிறார். "அய்யோ சாரே, ஞான் எந்து செய்யும்" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் எழுந்து, அட்வான்ஸைத் திருப்பித் தரச் சொல்லி அவரே கேட்டார்.

பழனியாண்டி அண்ணன் அதைப் பிரிக்கவே இல்லை. வாங்கிய துணிப்பையோடு அப்படியே கொடுத்தார். ஒப்பந்தத் தாளை அங்கேயே கிழித்தார்கள்.

பிலோமியுடையது பத்திரமாகிவிட்டது. ஒன்றும் செய்ய முடியாது. அவள் திருப்பூருக்குப் போய்ப் பத்து நாள் ஆகிறது, தங்கை வீட்டில்.

8 ஆகஸ்ட், சனி

பிலோமிக்குப் போன் பண்ணினேன். நாலு தடவை நம்பரைப் போட்டுக் கட் பண்ணிவிட்டு, ஐந்தாவது தடவை பேசினேன். முழுக்கச் சொன்னேன்.

"அப்ப ரயில் வராதாக்கா?"

"வராது பிலோமி."

அங்கே பனியன் கம்பெனியில் சேர்ந்திருக்கிறாள், மெஷின் சத்தம் கேட்டது. பிறகு, "என் மொளகுக் கொடி அங்கயேதான் இருக்குமா?" என்றாள். இருக்கும் என்றேன். "எப்படியும் வித்துத்தான் இருப்பேன்க்கா. இலைய நம்பி எத்தன நாளு? ஆனா நானா வித்தேன்னு இருந்திருக்கும்" என்றாள்.

மன்னிச்சுக்கோ என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். அது வாயிலேயே வரவில்லை. என்ன ஜென்மம் நான்.

19 ஆகஸ்ட், புதன்

அளவைத் துறையிலிருந்து சாருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம். நான் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தையும் சேர்த்து பதில் அனுப்பினார். "இது முடியற வரைக்கும் நீ வீட்ல இரும்மா" என்றார். சாவியை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

2 செப்டம்பர், புதன்

ஓட்டெடுப்பு முடிந்தது. என் பாதை ஜெயித்துவிட்டது.

போலந்துக்காரர் வாழ்த்து எழுதி, முழுக் கோப்பையும் அனுப்பச் சொல்கிறார். வாபஸ் வாங்குகிறேன் என்று எழுதினேன். நடந்ததையும் என் அரைகுறை இங்கிலீஷில் எழுதினேன். அவர் பதில் நீளமில்லை. அவருடைய கிராமத்துக்குள்ளும் ஒருகாலத்தில் ஒரு பாதை வந்ததாம், அதை வரைந்தவனை அவர் பார்த்ததே இல்லையாம். "வாபஸ் வாங்குவது சுலபம். திருத்துவது கஷ்டம். உங்கள் விருப்பம்" என்று முடித்திருந்தார்.

13 செப்டம்பர், ஞாயிறு

திருத்தத்தான் போகிறேன். கோடு வெளிச்சத்தில் வரும் பதினொரு கிலோமீட்டரையும் நடந்து பார்ப்பது என்று கிளம்பினேன். இவர் சிரிப்பார் என்று நினைத்தேன். அட்டைக்கு உப்புப் பொட்டலம் கட்டிக்கொண்டு கூடவே வந்தார். இன்று மூன்று கிலோமீட்டர்தான் முடிந்தது. இருபத்தேழு வீடு, மாதா சிலை வைத்த ஒரு கெபி, இரண்டு கிணறு, ஒரு பாலர் பள்ளி. சாட்டிலைட் படத்தில் இதில் நாலு மட்டும் தெரிகிறது.

ஒரு வீட்டு அம்மா எங்களைப் பார்த்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எங்களை யாரென்று நினைத்தாரோ! நாங்கள் யார்தான்?

18 அக்டோபர், ஞாயிறு

நடந்து முடித்தோம். நூற்றுநாற்பத்தொரு வீடு. கடைசி மூன்று ஞாயிறு பழனியாண்டி அண்ணனும் வந்தார். யார் வீடு, எத்தனை பேர் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

வளைவை இறுக்கினால் எல்லா வீட்டையும் தப்பவிடலாம். ஆனால் அங்கே வேகம் நூற்றிருபதாகக் குறையும். அதிவேக ரயில் என்ற பேருக்கே இழுக்கு. போன வாரம் முழுக்க வர்ஷாவின் பழைய லேப்டாப்பில் வேறு வழி தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. இறுக்கிவிட்டேன்.

11 ஜனவரி 2016, திங்கள்

சாரை எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். காலையில் கூப்பிட்டார். ஓடினேன்.

"இனிமே அளக்கப் போறப்ப நீயும் கூட வா. சேர்ல உக்காந்து வரஞ்சதெல்லாம் போதும்" என்றார். திட்டுகிறாரா, மன்னிக்கிறாரா? தெரியவில்லை. டேப்பை என் கையில் கொடுத்தார்.

ஆறுக்குட்டி அண்ணன் இன்னும் பேசுவதில்லை. அந்தச் சாய்ப்பில் இப்போது விறகு அடுக்கியிருக்கிறார்.

20 பிப்ரவரி, சனி

பாதை வெளியாகிவிட்டது. முதல் நாளே எங்கெங்கிருந்தோ ஓட்டியிருக்கிறார்கள். பாராட்டுக்கு நடுவே கனடாவிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார், "நூற்றிரண்டாவது கிலோமீட்டரில் முந்நூறிலிருந்து நூற்றிருபதுக்குக் குறைக்கச் சொல்கிறதே, தவறா? எரிச்சலாக இருக்கிறது."

தவறில்லை, அங்கே ஆட்கள் இருக்கிறார்கள் என்று எழுதினேன்.

6 மார்ச், ஞாயிறு

லீவு நாளிலும் வேலை. சந்தனக்கொல்லியில் பழனியாண்டி அண்ணன் நிலத்தை அளந்தோம். பெயர் மாற்றப் போகிறாராம். பனி விலகி நல்ல வெயில். சார் எல்லைக் கல்லைப் பார்த்துச் சொல்ல, டேப்பின் ஒரு முனையை அண்ணன் பிடிக்க, மறுமுனையோடு நான் செடிகளுக்குள் புகுந்து போனேன். புடவையெல்லாம் கீறல்.

"யார் பேருக்கு எழுதணும்?" என்று சார் கேட்டார்.

"சுப்பம்மா பேருக்குத்தான்."

இரண்டு வரிசை தள்ளிப் பறித்துக்கொண்டிருந்த சுப்பம்மாக்கா தலையைத் தூக்கினார். "எனக்கு எதுக்கு? நானு எளுத்து தெரியாதவ."

"அதுக்குத்தான்" என்றார் அண்ணன். "எனக்கு எளுத்து தெரியும். தாளக் காட்டுனா பயந்துருவேன். ஒனக்கு அந்தப் பயம் இல்ல."

சுப்பம்மாக்கா கூடையைச் சரிசெய்துகொண்டு மறுபடி குனிந்தார். நான் டேப்பை இழுத்துப் பிடித்து அளவைச் சத்தமாகச் சொன்னேன். சார் எழுதிக்கொண்டார்.